டிபென்டன்ட் விசாவிலிருந்து ஒர்க் விசா: ஊருக்குப் போய்த்தான் மாற்ற வேண்டுமா? (ஜப்பான்)

செம்பருத்தி
12 அக்டோபர் 2025

வணக்கம். மூன்று வருடமாக இந்த மன்றத்தைப் படித்துவிட்டு மட்டும் போகிறவள், இன்றுதான் முதல் பதிவு. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோக்கியோ, நிஷி கசாயில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு மென்பொருள் வேலை. எனக்கும் நான்கு வயது மகனுக்கும் டிபென்டன்ட் விசா. நான் திருநெல்வேலியில் பி.இ. இசிஇ படித்து, சென்னையில் நான்கு வருடம் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்தவள். இங்கே வந்தபின் ஒரு பெந்தோ கடையில் வாரம் 20 மணி நேரம், சோற்றை அளந்து டப்பாவில் போடுகிற வேலை. குறை சொல்லவில்லை. கடைக்கார அம்மா தங்கமானவர், என் ஜப்பானிய மொழி என்3 வரை (மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் நடு நிலை, என்1 உச்சம்) வந்தது அவரால்தான்.

இப்போது நாற்பது பேர் உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்திருக்கிறது. முழு நேரம், மாதம் 28 மேன் (ஒரு மேன் பத்தாயிரம் யென், ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்). என் சந்தேகங்கள்:

சென்னையில் ஒரு ஏஜென்ட், டிபென்டன்டை ரத்து செய்துவிட்டு ஊருக்கு வந்து, புதிதாக விசா ஒட்டிக்கொண்டுதான் திரும்ப முடியும் என்கிறார். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். உண்மையா?

எங்கள் மூவர் ஸைர்யூ கார்டும் (இங்கே தங்குவதற்கான வசிப்பு அட்டை) 2026 மார்ச் 18-இல் முடிகிறது. முதலில் டிபென்டன்டையே நீட்டித்துக்கொள், அப்புறம் மாற்றலாம் என்கிறார் வீட்டுக்காரர். அது சரியா?

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஜனவரி 10 போய் 25 திரும்புகிறோம். விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது வெளியே போகலாமா?

கடைசியாக, விசா மாறும்வரை பகுதி நேரமாக வந்து தொடங்குங்கள் என்கிறது கம்பெனி. போகலாமா?

---

கவாசகி மணி

முதலில் அந்த ஏஜென்ட்டின் எண்ணை அழியுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

நாம் எல்லோரும் பேச்சுவாக்கில் விசா விசா என்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. விசா என்பது சென்னையில் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்த தாள். நீங்கள் நரிதாவிலோ ஹனேதாவிலோ இறங்கி உள்ளே வந்த அன்றே அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு உங்களை இங்கே வைத்திருப்பது ஸைர்யூ கார்டில் எழுதியிருக்கும் வசிப்புத் தகுதி. உங்கள் கார்டில் 'கஸோகு தைஸாய்' என்றிருக்கும். குடும்பத்தாராக உடன் தங்குபவர் என்று பொருள். உங்களுக்கு வேண்டியது 'கிஜின்கொக்கு'. பொறியியல், மனிதவியல் அறிவு, சர்வதேசச் சேவை என்ற நீளமான பெயரைச் சுருக்கி இங்குள்ளவர்கள் வைத்த செல்லப் பெயர். ஐடிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இதில்தான் இருக்கிறோம்.

இந்தத் தகுதியை நாட்டுக்குள் இருந்தபடியே மாற்றலாம், அதற்கென்றே தனி விண்ணப்பம் இருக்கிறது. தகுதிச் சான்றிதழ் வாங்கி, தூதரகத்துக்கு அனுப்பி, விசா ஒட்டி வருகிற பாதை வெளியிலிருந்து புதிதாக வருபவர்களுக்கானது. உள்ளே இருந்தே மாற முடியாதபடி பொதுவாகக் கதவு அடைத்திருப்பது சுற்றுலா மாதிரி குறுகிய காலத்துக்கு வந்தவர்களுக்கு. அவர்களிலும் தவிர்க்க முடியாத தனிக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

உங்கள் விஷயத்தில் மூன்றைப் பார்ப்பார்கள். படித்ததற்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு உண்டா, அதே வேலைக்கு ஒரு ஜப்பானியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்கிறார்களா, கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்கும் தெம்பு உண்டா. இசிஇ படித்தவர் டெஸ்டிங் வேலைக்குப் போவதில் சிக்கல் இல்லை.

படிவத்தில் சில பக்கங்கள் நீங்கள் நிரப்ப வேண்டியவை, சில கம்பெனி நிரப்ப வேண்டியவை. கம்பெனிப் பக்கத்தை ஏனோதானோ என்று எழுதிக் கொடுத்தால் அவதிப்படப் போவது நீங்கள்தான், அதனால் வாங்கிப் படித்துப் பாருங்கள். கம்பெனிகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பங்குச் சந்தையில் உள்ளவை முதல் வகை. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வரி வருடத்துக்கு 1 கோடி யென்னைத் தொட்டால் இரண்டாவது. இந்த இரண்டுக்கும் தாள்கள் குறைவு. அதற்குக் கீழே உள்ளவை மூன்று, புத்தம்புதுக் கம்பெனிகள் நான்கு. மூன்றாவது வகை என்றால் பதிவுச் சான்று, வரவு செலவுக் கணக்கு, வரி அலுவலகத்தில் கொடுத்த சம்பளத் தொகுப்புத் தாளின் நகல் என்று கேட்பார்கள். எந்த வகை என்று எச்ஆரிடம் இன்றே கேளுங்கள்.

கட்டணம் 2025 ஏப்ரலிலிருந்து கவுன்டரில் 6,000 யென், ஆன்லைனில் 5,500. அதற்கு முன் 4,000 ஆக இருந்தது. அனுமதி கிடைத்தால் மட்டும்தான் கட்ட வேண்டும்.

---

ரயில்பிரியன்

கடைசிக் கேள்விக்கு என் பதில்: போகவே போகாதீர்கள். ஒர்க் விசா இல்லாமல் கம்பெனியில் உட்கார்ந்தால் சட்டவிரோதம். கம்பெனி உங்களை மாட்டிவிடப் பார்க்கிறது.

---

கவாசகி மணி

தம்பி, அப்படி ஒரே போடாகப் போடக் கூடாது.

அவர் கார்டின் பின்பக்கம் வாரம் 28 மணி நேரத்துக்குள் வேலை செய்யலாம் என்ற அனுமதி இருக்கிறது. அது இருப்பதால்தான் பெந்தோ கடைக்கே போகிறார். அந்த அனுமதி மணிக்கணக்கைத்தான் பார்க்கிறது. கேளிக்கை விடுதி வகையறாவைத் தவிர எந்த வேலை என்று பார்ப்பதில்லை. சோறு அளந்தாலும் சரி, சாஃப்ட்வேர் சோதித்தாலும் சரி, 28-க்குள் இருந்தால் சட்டப்படி தவறில்லை.

ஆனால் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, 28 என்பது எல்லா இடத்துக்கும் சேர்த்து. பெந்தோ கடையில் 20 என்றால் கம்பெனியில் 8-தான் மிச்சம். இரண்டு, முழுநேர ஒப்பந்தத்தில் இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டு, சும்மா பகுதி நேரமாக வாருங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லக் கூடாது. முழுநேர ஒப்பந்தம் தகுதி மாற்ற அனுமதி கிடைத்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எல்லாக் கம்பெனியும் போடுகிற வரிதான். பகுதி நேரத்துக்கு மணிக்கூலியில் தனி ஒப்பந்தம்.

---

ரயில்பிரியன்

சரி, அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் நான் பதறுவதற்கும் காரணம் உண்டு. என் அறைத்தோழன் மாணவர் விசாவில் இருந்தான். அதே 28 மணி நேரம்தான். இரண்டு கன்வீனியன்ஸ் கடையில் மாற்றி மாற்றி வேலை பார்த்தான். கடைக்குக் கடை தெரியாது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றான். நீட்டிப்புக்குப் போனபோது முனிசிபல் வரிச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் இரண்டு கடை வருமானமும் சேர்ந்து ஒரே தொகையாக உட்கார்ந்திருந்தது. மணிக்கூலியால் வகுத்துப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கே தெரிந்துவிடும். படிப்பு பாதியில் நிற்க ஊருக்குப் போனான். அப்பா அடகு வைத்த நிலம் இன்னும் மீளவில்லை.

---

அரசமரம்

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது, யாரும் தொடவில்லை.

காலண்டரை எடுத்து வையுங்கள். மார்ச் 18 முடிவு என்றால், நீட்டிப்பு விண்ணப்பத்தை மூன்று மாதம் முன்னால், அதாவது டிசம்பர் 18 வாக்கில்தான் வாங்குவார்கள். தகுதி மாற்றத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, வேலை உறுதியானதும் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். முடிவு வர ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும்.

இப்போது, அக்டோபரிலேயே மாற்றத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கிடைத்தால் சந்தோஷம். மறுத்தால், டிசம்பரிலோ ஜனவரியிலோ மறுப்பார்கள். அப்போதும் உங்கள் கையில் டிபென்டன்ட் உயிரோடு இருக்கும். மறுத்த காரணத்தை நேரில் போய்க் கேட்டுக்கொண்டு, வீட்டுக்காரரோடு சேர்ந்து டிபென்டன்டை நீட்டித்துக்கொள்ளலாம், குறையைச் சரிசெய்து மறுபடி மாற்றத்துக்கும் கொடுக்கலாம். விழுந்தாலும் மெத்தை மேல் விழுவீர்கள்.

இதையே பிப்ரவரி கடைசியில் கொடுத்தால்? கார்டு முடிந்தாலும் விண்ணப்பம் உள்ளே இருப்பதால் முடிவு வரும்வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், தங்கலாம். ஆனால் ஏப்ரலில் மறுத்தார்கள் என்றால் காலுக்குக் கீழே தரை இல்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு என்று 30 நாளோ 31 நாளோ கொடுப்பார்கள். அந்த ஒரு நாள் வித்தியாசம் வேடிக்கையானது. 30 நாளுக்கு மேல் இருந்தால்தான் மறுபடி விண்ணப்பித்து, முடிவு வரும்வரை காத்திருக்கும் அந்தச் சலுகைக் காலம் பொருந்தும். 31 என்று எழுதியிருந்தால் இன்னொரு முறை முயலலாம் என்ற ஜாடை. 30 என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் தவறில்லை. டிபென்டன்டை முதலில் நீட்டித்துவிட்டு நிதானமாக மாற்றலாம். ஆனால் டிசம்பர் பாதிவரை சும்மா இருக்க வேண்டும், இரண்டு முறை கட்டணம், கம்பெனி அதுவரை காத்திருக்குமா என்பது வேறு. நானாக இருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுவேன்.

பொங்கல் பயணத்துக்குத் தடையில்லை. கார்டு செல்லுபடியாகும்வரை வழக்கம்போல் விமான நிலையப் படிவத்தில் மறுநுழைவுப் பெட்டியில் டிக் அடித்துவிட்டுப் போகலாம். விண்ணப்பம் நடப்பில் இருப்பது அதைக் கெடுக்காது. ஆனால் கூடுதல் தாள் கேட்டு வரும் கடிதத்துக்குக் கெடு தேதி இருக்கும். நீங்கள் மாமியார் வீட்டில் பனங்கிழங்கு தின்றுகொண்டிருக்கும்போது அது தபால்பெட்டியில் கிடக்கும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

---

குமரிக்காற்று

செம்பருத்தி, வீட்டுக்காரருக்கு ஹைலி ஸ்கில்ட் (படிப்பு, சம்பளம் முதலியவற்றுக்குப் புள்ளி போட்டுத் தரும் உயர்திறனாளர் தகுதி) கணக்கில் 70 புள்ளி வருமா பாருங்கள். வந்தால் அவர் அதற்கு மாறிவிட்டு, மனைவியாக நீங்கள் முழுநேரம் வேலை செய்யத் தனி அனுமதி கேட்கலாம், பட்டப்படிப்பு நிபந்தனைகூடப் பார்க்க மாட்டார்கள். குடும்ப வருமானம் 80 லட்சம் யென்னுக்கு மேல் இருந்து, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், பார்த்துக்கொள்ள அம்மா அப்பாவையும் கூப்பிடலாம். என் மாமியாரை அப்படித்தான் அழைத்து வந்தோம். ஒரு குறை: அந்தத் தகுதி குறிப்பிட்ட கம்பெனியோடு கட்டியது, வேலை மாறினால் மறுபடி விண்ணப்பம்.

---

செம்பருத்தி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இழை முழுவதையும் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். புள்ளிக் கணக்கையும் போட்டோம், 65-இல் நிற்கிறது. அவர் என்1 எழுதாத குறையை நான் சொல்லிக்காட்டினேன், அது வேறு சண்டை.

அவருடைய தயக்கம் விசாவில் இல்லை. நான் டிபென்டன்டிலிருந்து வெளியே வந்தால் இன்ஷூரன்ஸ் தனி, பென்ஷன் தனி, வரிச் சலுகை போகும், பையன் விசா என்ன ஆகும், நாளைக்கு உன் கம்பெனி மூடினால் நீ என்ன ஆவாய் என்று அடுக்குகிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

---

அரசமரம்

பையன் அப்பாவின் டிபென்டன்டாகவே இருப்பான், ஒன்றும் மாறாது.

பணக் கணக்கு: இப்போது வருட வருமானம் 130 மேனுக்குள் இருப்பதால் அவருடைய இன்ஷூரன்ஸில் தொற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 28 மேன் சம்பளத்தில் சொந்தமாக இன்ஷூரன்ஸும் நென்கின்னும் (பென்ஷன்) பிடிப்பார்கள், கையில் சுமாராக 23 மேன் வரும். பிறகு முனிசிபல் வரியும் பிடிக்கத் தொடங்கும். பெந்தோ கடையில் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவர் சொல்லும் சலுகையெல்லாம் எந்த மூலைக்கு? மூன்று வயதுக்கு மேல் ஹோய்குயென் (குழந்தைகள் காப்பகம்) கட்டணமும் 2019 அக்டோபரிலிருந்து இல்லை. ஆனால் பகுதி நேர வேலை என்று நீங்கள் பையனை ஒரு நாளைக்கு 8 மணி நேரக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். முழுநேரத்துக்குப் போனால் வார்டு ஆபீசில் சொல்லி 11 மணி நேரக் கணக்குக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் தினமும் மாலையில் ஓட்டம்தான்.

அவருடைய கடைசிக் கேள்விக்கு என் கதையைச் சொல்கிறேன். 2009 தொடக்கத்தில், உலகம் முழுக்க ஆட்குறைப்பு நடந்த சமயம், என் வேலை போனது. நான், மனைவி, மகள் மூன்று பேர். மூன்று பேர் இருப்பும் என் ஒரு கார்டில் தொங்கியது. ஒரே கயிற்றில் மூன்று வாளி. எனக்கு வேலை இல்லை என்றால் மனைவிக்கும் இங்கே இருக்கக் காரணம் இல்லை, அவள் எம்.எஸ்சி. படித்தவள் என்றாலும். ஐந்து மாதம் தேடி ஒரு வேலை கிடைத்தது. அந்த ஐந்து மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசிக்கொண்டதில்லை. அடுத்த வருடமே அவள் வேலை தேடித் தன் பெயரில் தகுதி வாங்கிக்கொண்டாள். 2014-இல் நான் மறுபடி வேலையை விட்டபோது என்னால் மூன்று மாதம் நிம்மதியாகத் தேட முடிந்தது. தேவைப்பட்டால் அவளுக்கு டிபென்டன்டாக நான் மாறியிருக்கலாம். உங்கள் கம்பெனி மூடினாலும் அப்படித்தான், நீங்கள் திரும்ப டிபென்டன்டுக்குப் போகலாம். அவருடையது மூடினால் அவர் உங்களிடம் வரலாம். இதை அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஆண்களுக்குச் சட்டென்று இறங்காது. எனக்கும் இறங்கவில்லை.

அந்த 2014-இல் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டாலோ புது வேலையில் சேர்ந்தாலோ 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012 ஜூலையிலேயே வந்துவிட்டது. எனக்குத் தெரியாது. கம்பெனி சொல்லும் என்று இருந்துவிட்டேன். கம்பெனி சொன்னாலும் நாமும் தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்த நீட்டிப்பின்போது கவுன்டரில் அதைக் கேட்டபோது முகம் தொங்கிப்போனது.

---

தஞ்சைக் கைப்பக்குவம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சமையல்காரன். 'கினோ' (கைத்திறன்) விசாவில் ஏழு வருடமாக ஒரு தென்னிந்திய ஓட்டலில் தோசைக்கல்லில் நிற்கிறேன். சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை போட ஆசை. 500 மேன் காட்டினால் பிசினஸ் மேனேஜர் விசாவுக்கு மாறலாம் என்று சொன்னார்கள். பாடுபட்டு 420 சேர்த்துவிட்டேன். மனைவி நகையும் இருக்கிறது. இப்போது ஏதோ மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே?

---

கவாசகி மணி

அண்ணே, கெட்ட செய்தியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்டோபர் 16 முதல் அந்த 500 மேன் 3,000 மேன் ஆகிறது, நம் கணக்கில் 3 கோடி யென். அதோடு முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டும், அவர் ஜப்பானியராகவோ நிரந்தர வசிப்பு உள்ளவர் போன்றவராகவோ இருக்க வேண்டும். உங்களுக்கோ முழுநேர ஊழியருக்கோ என்2 அளவுக்கு ஜப்பானிய மொழி வர வேண்டும். நிர்வாக அனுபவம் மூன்று வருடம் அல்லது முதுகலைப் பட்டம். வியாபாரத் திட்டத்தை அதற்கான நிபுணர் ஒருவர் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அந்த விசாவில் இருப்பவர்களுக்கு மூன்று வருட அவகாசம் உண்டு, புதிதாகப் போகிறவர்களுக்கு இல்லை.

இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது, அவசரமாகப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 420-ஐ வைத்துக்கொண்டு இரண்டு நாளில் கம்பெனி பதிவு செய்ய முடியாது, கடனாக 80 வாங்கிக் காட்டினால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

---

தஞ்சைக் கைப்பக்குவம்

புரிகிறது மணி. பத்து வருட அனுபவச் சான்றிதழுக்காகத் தஞ்சாவூரில் மூன்று ஓட்டல் முதலாளிகள் வீட்டு வாசலில் நின்று கடிதம் வாங்கி இந்த விசாவுக்கு வந்தவன் நான். இன்னொரு வாசல் என்று நினைத்துக்கொள்கிறேன்.

---

அரசமரம்

அண்ணே, உங்களுக்கு வேறு வழி இருக்கிறது, கொஞ்சம் நீளமான வழி. இங்கே மொத்தம் பத்து வருடம், அதில் ஐந்து வருடம் வேலைத் தகுதியில் இருந்தால் நிரந்தர வசிப்புக்குக் கேட்கலாம். உங்களுக்கு ஏழு முடிந்துவிட்டது. அது கிடைத்தால் 3 கோடியும் வேண்டாம், எந்தத் தொழிலும் செய்யலாம். இந்த மூன்று வருடத்தில் வரி, இன்ஷூரன்ஸ், நென்கின் ஒரு மாதம்கூடத் தேதி தவறாமல் கட்டுங்கள். கட்டினீர்களா என்று மட்டுமல்ல, கெடுவுக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். கார்டு மூன்று வருடமோ ஐந்து வருடமோ உள்ளதாக இருக்க வேண்டும். அப்புறம், நிரந்தர வசிப்பு விண்ணப்பம் உள்ளே இருப்பது பழைய கார்டை நீட்டிக்காது, அதைத் தனியாக நீட்டிக்க வேண்டும். இதில் கோட்டை விட்டவர்கள் உண்டு.

---

தஞ்சைக் கைப்பக்குவம்

மூன்று வருடம்தானே. கல் சூடாக இருக்கும்வரை நிற்கலாம். நன்றி அண்ணா.

---

பூந்தளிர்

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதுகலை மாணவி, மார்ச்சில் முடிக்கிறேன், ஏப்ரல் 1 வேலையில் சேர வேண்டும். பட்டம் மார்ச் கடைசியில்தான் தருவார்கள், அதுவரை விண்ணப்பிக்க முடியாதா?

---

கவாசகி மணி

முடியும். ஏப்ரலில் சேர்பவர்களுக்கு டிசம்பரிலிருந்தே வாங்குகிறார்கள், முடிக்கப்போகிறார் என்ற சான்றிதழைக் கல்லூரியில் வாங்கி வையுங்கள். பட்டம் வந்ததும் அதைக் காட்டிப் புதுக் கார்டை வாங்கிக்கொள்ளலாம். கார்டு கைக்கு வராமல் ஏப்ரல் 1 வேலைக்குப் போகாதீர்கள், பயிற்சி வகுப்பு என்று பெயர் வைத்தாலும் சரி. ஜனவரிக்கு மேல் கூட்டம் அலைமோதும், டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

---

செம்பருத்தி
20 நவம்பர்

தகவல் சொல்ல வருகிறேன். அக்டோபர் 24 ஷினகவா குடிவரவு அலுவலகம் போய்க் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரே விடுப்பு எடுத்துக் கூட வந்தார், அரசமரம் அண்ணாவின் மூன்று வாளிக் கதைக்குப் பிறகு மனிதர் அமைதியாகிவிட்டார்.

நேற்றுக் கடிதம் வந்திருக்கிறது, கூடுதல் விளக்கம் கேட்டு. கம்பெனி எழுதிய பக்கத்தில் என் வேலை 'அலுவலக உதவி, சோதனை முதலியன' என்று இருந்திருக்கிறது. மணி அண்ணா, வாங்கிப் படியுங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள், உறையை ஒட்டிக் கொடுத்தார்கள் என்று நான் பிரிக்கவில்லை. இப்போது என்ன எழுதித் தருவது?

---

கவாசகி மணி

பயப்படாதீர்கள், கடிதம் வந்தால் மறுப்பு என்று பொருளில்லை. 'முதலியன' என்ற சொல்தான் வினை. அலுவலக உதவி என்றதும் தேநீர் கொடுக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் ஆள் எடுக்கிறார்களோ என்று சந்தேகம் வரும், அதற்கு இந்தத் தகுதி கிடையாது. ஒரு வாரத்தில் என்ன என்ன செய்வீர்கள் என்று கம்பெனியை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்: சோதனைத் திட்டம் எழுதுவது, ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட், பிழைகளைப் பதிந்து டெவலப்பர்களோடு பேசித் தீர்ப்பது. உங்கள் மார்க் ஷீட்டில் எந்தப் பாடம் எதற்குப் பொருந்துகிறது என்று ஓரமாகக் குறித்துக் கொடுங்கள். சென்னை கம்பெனியின் அனுபவக் கடிதத்தை மொழிபெயர்த்து அடியில் வையுங்கள். கெடு தேதிக்கு முன்னால்.

---

செம்பருத்தி
28 டிசம்பர்

கிடைத்துவிட்டது!

22-ஆம் தேதி அஞ்சலட்டை வந்தது. வருடக் கடைசியில் மூடிவிடுவார்களே என்று 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே ஷினகவா ஸ்டேஷனில் 99-ஆம் எண் பஸ் பிடித்துப் போனேன். பஸ்ஸில் நின்றவர்கள் பாதிப் பேர் கையில் அதே அட்டை. நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 6,000 யென்னுக்கு முத்திரை ஒட்டிக் கொடுத்து, புதுக் கார்டு வாங்கினேன். ஒரு வருடம்தான் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். பையனுடையதும் அவருடையதும் நீட்டிப்புக்குக் கொடுத்தாயிற்று.

மற்றவர்களுக்கு உதவும் என்று ஒன்று சொல்கிறேன். மைநம்பர் கார்டு (அரசு கொடுக்கும் அடையாள எண் அட்டை) பழைய தேதியோடுதான் இருக்கும், மார்ச் 18-க்குள் வார்டு ஆபீஸ் போய் நீட்டிக்க வேண்டும், அது தானாக மாறாது. வங்கியிலும் புதுக் கார்டைக் காட்ட வேண்டும்.

பெந்தோ கடை அம்மா, வருடக் கடைசி ஆர்டர் மலையாகக் குவிந்திருக்கிறது, 30, 31 இரண்டு நாள் மட்டும் வர முடியுமா என்று கேட்டார். போகலாமா மணி அண்ணா? காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாலும் கூடாதா?

---

கவாசகி மணி

வாழ்த்துகள் தங்கச்சி! போகக் கூடாது. அந்த 28 மணி நேர அனுமதி பழைய தகுதியோடு சேர்த்துப் போய்விட்டது. 26-ஆம் தேதி மதியத்திலிருந்து நீங்கள் அந்தக் கடையில் ஒரு மணி நேரம்கூட வேலைக்கு நிற்க முடியாது. காசு வாங்கவில்லை என்று பிறகு நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது.

---

செம்பருத்தி
31 டிசம்பர்

போகவில்லை. வாடிக்கையாளராகப் போய் வரிசையில் நின்று மூன்று டப்பா வாங்கி வந்தேன். உள்ளே புதிதாக ஒரு நேபாளப் பெண் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றிலும் அளவு கூடிப்போகிறது, மூடி மூடவில்லை. நானும் முதல் மாதம் அப்படித்தான் போட்டேன்.

---

வேப்பம்பூ

இழை முழுவதும் படித்தேன். நானும் டிபென்டன்ட்தான், யோக்கொஹாமா. ஆனால் நான் பி.ஏ. தமிழ் இலக்கியம். எனக்கெல்லாம் இது நடக்காது இல்லையா?

---

அரசமரம்

யார் சொன்னது? அந்தத் தகுதியின் பெயரிலேயே மூன்றாவது பகுதி சர்வதேசச் சேவை. மொழிபெயர்ப்பு, துபாஷி வேலை, மொழி கற்பித்தல் அதில் வரும். பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள், பட்டதாரிகளுக்கு இந்த மூன்று வேலைக்கும் அதுவும் வேண்டாம். என்ன பட்டம் என்பதைவிட, உங்கள் மொழி தேவைப்படும் கம்பெனி ஒன்று முழுச் சம்பளம் கொடுத்து எடுக்குமா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் ஆலை வைத்திருக்கும் ஜப்பான் கம்பெனிகள் எத்தனை இருக்கின்றன, அவற்றிலிருந்து தேட ஆரம்பியுங்கள். உங்கள் ஜப்பானிய மொழி எந்த அளவில் இருக்கிறது?

---

வேப்பம்பூ

டிசம்பரில் என்2 எழுதியிருக்கிறேன். ஜனவரியில் முடிவு வரும்.

---

அரசமரம்

முடிவு வந்ததும் தனி இழை தொடங்குங்கள். கார்டு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.